உட்பொதி கணினிகளைக் கற்கத் தொடங்குவோருக்கு: எல்ஈடி விளக்கிலிருந்து தண்ணீர்த்தாங்கி வரை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் நிறுக்கப்படும் இலக்கமுறைத் தராசை எவரும் கணினி என்று அழைப்பதில்லை; ஆயினும் அது முழுமையான ஒரு கணினி. தட்டின் கீழே உள்ள உலோகச் சட்டம் பாரத்தினால் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு வளைகின்றது. அச்சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய தடைகளின் பெறுமானம் அந்த வளைவுக்கேற்ப மாற, அதனால் எழும் ஒரு சில மில்லிவோல்ற்று வேறுபாடு பெருப்பிக்கப்பட்டு எண்ணாக்கப்படுகின்றது. உள்ளிருக்கும் சில்லில் (சிப்) எழுதப்பட்ட நிரல் அந்த எண்ணிலிருந்து வெறுந்தட்டின் எடையைக் கழித்து, மிகுதியைக் கிராமாக மாற்றி, விலையுடன் பெருக்கித் திரையில் காட்டுகின்றது. அந்த நிரலை வியாபாரி மாற்றுவதில்லை. அப்படியொன்று உள்ளே இருப்பதை அறிய வேண்டிய தேவையும் அவருக்கில்லை.

இவ்வாறு வேறொரு சாதனத்தின் உள்ளே இருந்துகொண்டு, அந்தச் சாதனத்துக்கென வகுக்கப்பட்ட வேலையை மட்டும் செய்யும் கணினியே உட்பொதி கணினி எனப்படும். சலவை இயந்திரம், தொலைக்காட்சியின் ரிமோட், முச்சக்கரவண்டியின் மீற்றர், வைஃபை ரூட்டர், எரிபொருள் நிலையத்தின் பம்பி ஆகிய அனைத்திலும் அது இருக்கின்றது. செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் யாவும் ஒரே சில்லில் அடங்கும் நுண்கட்டுப்படுத்திகள் 1970களில் சந்தைக்கு வந்தன. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005 இல் வடிவமைப்புக் கல்வி மாணவர்களுக்காக ஆர்டுயினோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகை உருவாக்கப்பட்ட பின்னர், இலத்திரனியலில் பட்டம் பெறாதவர்களும் இத்துறைக்குள் நுழைவது இலகுவாயிற்று.

மேசைக் கணினிக்கு நிரல் எழுதிப் பழகியவர்கள் இங்கு வரும்போது ஒரு வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். மேசைக் கணினியின் முன்னால் ஒருவர் அமர்ந்திருப்பார். பிழைச் செய்தி தோன்றினால் வாசிப்பார். தேவையெனில் நிறுத்தி மீண்டும் தொடங்குவார். உட்பொதி கணினியோ நள்ளிரவிலும், வீட்டில் எவரும் இல்லாத வேளையிலும், மின்சாரம் போய் வந்த பின்னரும் தானாகவே சரியாக இயங்க வேண்டும். ஆகவே “எல்லாம் சரியாக இருந்தால் இது என்ன செய்யும்” என்ற கேள்விக்கு முன்னதாக “ஏதேனும் பழுதானால் இது என்ன செய்யும்” என்று கேட்கும் பழக்கம் வேண்டும். தொடக்க நிலைப் பாடங்கள் பெரும்பாலும் இதனை இறுதிக்குத் தள்ளிவிடுகின்றன. முதல் நாளிலிருந்தே பயில வேண்டியது இதுதான் என்பது எனது உறுதியான கருத்து. அதனாலேயே இவ்வழிகாட்டி, விளக்கை மினுக்கச் செய்வதில் தொடங்கி, வீட்டுத் தண்ணீர்த்தாங்கியை நிரப்பும் மோட்டரைத் தானாகக் கட்டுப்படுத்தும் சாதனம் ஒன்றை நோக்கிச் செல்கின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணாம்புக்கற் பாறையில் தேங்கும் நிலத்தடி நீரே வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆதாரம். கிணறும் மோட்டரும் மேலே ஒரு தாங்கியும் நமக்கு நன்கு தெரிந்தவை. அவை தவறும் விதங்களும் தெரிந்தவை.

முதற்படி: எதை வாங்குவது

ஆர்டுயினோ ஊனோ (ஆர்3 பதிப்பு) பலகை ஒன்று, அதற்குரிய யூஎஸ்பி வயர், பற்றாசின்றி வயர்களைச் செருகி இணைக்கும் பிரெட்போட், இணைப்பு வயர்கள், சில எல்ஈடிகள், 220 ஓம், 1 கிலோஓம், 10 கிலோஓம் தடையிகள், இரண்டு அழுத்து ஆளிகள் (சுவிட்சுகள்), இரண்டு மிதவை ஆளிகள், சிறு மின்னோட்டத்தால் வேறொரு சுற்றை இணைத்துத் துண்டிக்கும் 5 வோல்ற்று ரிலே பலகை ஒன்று ஆகியவை போதும். இவற்றுடன் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் ஒரு பல்மானியையும் (மல்டிமீற்றர்) கட்டாயம் வாங்க வேண்டும். பணம் குறைவாக இருந்தால் வேறெதையாவது பிற்போடலாம். பல்மானியைப் பிற்போடக் கூடாது. மின்சுற்று ஏன் இயங்கவில்லை என்பதை ஊகித்துக்கொண்டிருப்பவருக்கும் அளந்து அறிபவருக்கும் இடையிலான தூரம் மிகப் பெரியது. பல வகை உணரிகளை ஒரே பெட்டியில் அடுக்கி விற்கும் தொகுதிகளைத் தொடக்கத்தில் வாங்க வேண்டியதில்லை. அவற்றுட் பெரும்பாலானவை பெட்டியிலேயே கிடக்கும்.

ராஸ்ப்பெரி பை பலகையிலிருந்து தொடங்கலாமா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் அப்பலகை ஒரு சிறிய மேசைக் கணினியே; படங்களைப் பகுப்பாய்வதற்கும் வலைச் சேவை நடத்துவதற்கும் அது சிறந்தது. ஒரு முனையின் மின்னழுத்தம் எப்போது உயர்கின்றது, எப்போது தாழ்கின்றது என்பதை இயங்குதளத்தின் குறுக்கீடின்றி நேரடியாகக் கற்பதற்கு ஊனோவே பொருத்தமானது.

இந்த ஊனோவின் மையத்தில் இருப்பது ஏடிமெகா328பி என்னும் நுண்கட்டுப்படுத்தி. அதன் கடிகாரம் 16 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் துடிக்கின்றது. நிரலைச் சேமிக்க 32 கிலோபைட் பிளாஷ் நினைவகமும், இயங்கும்போது மாறிகளை வைத்திருக்க 2 கிலோபைட் நினைவகமும், மின்சாரம் போனாலும் அழியாமல் சில பெறுமானங்களைக் காக்க 1 கிலோபைட் ஈப்ரொம் நினைவகமும் அதில் உள்ளன. 8 கிகாபைட் நினைவகமுள்ள மடிக்கணினியுடன் ஒப்பிட்டால் இந்த 2 கிலோபைட் ஏறத்தாழ 42 இலட்சத்தில் ஒரு பங்கு. எனவே நீண்ட சொற்றொடர்களைத் திரையில் காட்டும் ஆசையைக் கூட இங்கு அளவோடு வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: எல்ஈடியை மினுக்குதல்

ஆர்டுயினோ மென்பொருளைக் கணினியில் நிறுவி, பலகையை யூஎஸ்பி வயரால் இணைத்து, பட்டியலில் பலகையின் வகையையும் அது இணைந்துள்ள போர்ட்டையும் தெரிவுசெய்க. போர்ட் தென்படாவிட்டால் பலகை பழுது என்று முடிவுசெய்ய வேண்டாம். விலை குறைந்த பலகைகள் பலவற்றில் சிஎச்340 என்னும் யூஎஸ்பி மாற்றிச் சில்லு உள்ளது. அதனைக் கணினி அடையாளங்காண உதவும் டிரைவர் மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டி வரலாம். தரவைக் கடத்தாது மின்னேற்றம் மட்டும் செய்யும் தொலைபேசி வயர்களும் இதே குழப்பத்தைத் தரும்.

மென்பொருளுடன் வரும் மாதிரிகளில் “பிளிங்க்” என்பதைத் திறந்து பலகைக்கு அனுப்பினால், பலகையிலேயே பொருத்தப்பட்டுள்ள சிறிய விளக்கு விநாடிக்கு ஒரு முறை நிலை மாறும். அந்நிரலில் இரண்டு பகுதிகள் உள்ளதைக் கவனிக்க. “செட்டப்” என்ற பகுதி மின்சாரம் வந்ததும் ஒரு தடவை மட்டும் நிறைவேறும்; “லூப்” என்ற பகுதி மின்சாரம் இருக்கும் வரை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டேயிருக்கும். நிரல் முடிவடைவது என்ற ஒன்று இங்கு இல்லை.

அடுத்து வெளியே ஒரு எல்ஈடியை இணைக்க வேண்டும். அதனைத் தடையி இன்றி நேரடியாக முனையுடன் இணைக்கக் கூடாது. ஏன் என்பதைச் சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த ஓமின் விதியே கூறும்: முனை தருவது 5 வோல்ற்று, சிவப்பு எல்ஈடி ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும், எஞ்சிய 3 வோல்ற்று 220 ஓம் தடையியின் குறுக்கே நிற்கும்போது மின்னோட்டம் ஏறத்தாழ 14 மில்லிஅம்பியர். ஒரு முனையிலிருந்து 20 மில்லிஅம்பியருக்கு மேல் எடுக்காதிருப்பது நல்லது; 40 மில்லிஅம்பியர் அச்சில்லு தாங்கக்கூடிய உச்ச எல்லை. இந்தக் கணக்கைத் தாளில் செய்த பின்னர், பல்மானியைத் தொடராக இணைத்து உண்மையான மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். எண்கள் சற்று வேறுபடும். வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடுவதும் பாடத்தின் ஒரு பகுதி.

மூன்றாம் படி: ஆளியின் நிலையை அறிதல்

உள்ளீட்டு முனை ஒன்றை எதனுடனும் இணைக்காமல் விட்டால், அது சுற்றியுள்ள வயர்களின் இரைச்சலையும் கையின் நெருக்கத்தையும் உணர்ந்து, உயர்நிலை, தாழ்நிலை என மாறி மாறிக் காட்டும். இதனைத் தவிர்க்கச் சில்லின் உள்ளேயே உள்ள, முனையை உயர்நிலைக்கு இழுத்துவைக்கும் மேலிழு தடையியை நிரலின் மூலம் இயக்கலாம். அப்போது திறந்திருக்கும் ஆளி உயர்நிலையாகவும், மூடி நிலமுனையைத் தொடும் ஆளி தாழ்நிலையாகவும் வாசிக்கப்படும். அழுத்தும்போது தாழ்நிலை வருவது தொடக்கத்தில் தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஒழுங்கில்தான் நமது சாதனத்தின் பாதுகாப்பு தங்கியிருக்கின்றது.

அதனை விளக்குகின்றேன். தாங்கியின் மேல்மட்டத்தில் ஒரு மிதவை ஆளியும் கீழ்மட்டத்தில் ஒரு மிதவை ஆளியும் பொருத்துகின்றோம். நீர் அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது மூடியும், மட்டத்தை எட்டும்போது திறந்தும் நிற்குமாறு இரண்டையும் அமைக்க வேண்டும். பல மிதவை ஆளிகளில் மிதவையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் இவ்வியல்பு மாறிவிடும். இப்போது மூடிய ஆளி “தண்ணீர் தேவை” என்றும், திறந்த ஆளி “தேவையில்லை” என்றும் பொருள்படும். கூரையில் வெயிலில் காய்ந்த வயரை அணில் கடித்துத் துண்டித்துவிட்டால் என்ன நிகழும்? துண்டிக்கப்பட்ட வயரைச் சில்லு திறந்த ஆளியாகவே வாசிக்கும், மோட்டர் ஓடாது. எதிர்மாறாக அமைத்திருந்தால் அதே துண்டிப்பு “தாங்கி வெறுமை” என்று வாசிக்கப்பட்டு, மோட்டர் நிறுத்தமின்றி ஓடும். ஒரே பொருட்கள், ஒரே செலவு. இணைத்த திசை மட்டுமே வேறு.

ஆளியின் உலோகத் தொடுகைகள் மூடும்போது ஒரு தடவையில் அமைதியாக ஒட்டுவதில்லை. சில மில்லிவிநாடிகளுக்குத் துள்ளும். ஆகவே நிலை மாறியதும் ஏறத்தாழ 50 மில்லிவிநாடி கழித்து மீண்டும் வாசித்து, மாற்றம் நிலைத்திருந்தால் மட்டும் ஏற்க வேண்டும். நீர் அலைந்துகொண்டிருக்கும் தாங்கியில் மிதவைக்கு இது போதாது. இரண்டு மூன்று விநாடிகள் தொடர்ந்து ஒரே நிலை இருந்தாலே நம்புவது நல்லது.

மிதவைக்குப் பதிலாக மீயொலி உணரியைப் பயன்படுத்தலாம் என்று பலர் கூறுவர். அது 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றது. கற்பதற்கு அருமையான உணரி. ஆனால் ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றராகவும், 32 பாகையில் ஏறத்தாழ 351 மீற்றராகவும் இருப்பதால், வெப்பநிலையைக் கருதாத நிரல் ஒரு மீற்றரில் இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்குப் பிழைக்கும். மூடிய தாங்கியின் நீராவி உணரியின் முகத்தில் படிவது அதைவிடப் பெரிய இடர்ப்பாடு. தாங்கியில் எவ்வளவு நீர் உள்ளது என்பதைக் காட்ட மீயொலியையும், மோட்டரை நிறுத்த மிதவையையும் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: நேரத்தைக் கையாளுதல்

தொடக்க நிலையினர் அதிகம் தடுமாறும் இடம் இதுவாகையால் சற்று விரிவாகக் கூறுகின்றேன். “பிளிங்க்” மாதிரியில் உள்ள “டிலே” கட்டளை, குறித்த நேரம் முடியும் வரை சில்லை வேறெதையும் செய்யவிடாது. விளக்கை மினுக்க அது போதும். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் சில்லு பத்து விநாடி காத்திருந்தால், அந்தப் பத்து விநாடியும் தாங்கி நிரம்பியதை அது அறியாது. மாறாக “மில்லிஸ்” என்ற கட்டளை, பலகை தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லிவிநாடிகளைத் தருகின்றது. ஒரு வேலையைத் தொடங்கிய நேரத்தை ஒரு மாறியில் குறித்துவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் இப்போதைய நேரத்திலிருந்து அதனைக் கழித்து, விடை வரம்பைத் தாண்டியதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். இவ்வாறு எழுதினால் ஒரே சில்லு பல காரியங்களை ஒருங்கே கவனிப்பது போல நடக்கும்.

மில்லிஸ் தரும் எண் 32 பிற்றுகளை (பிட்) கொண்டது, ஏறக்குறைய 49.7 நாட்களில் நிரம்பி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். “தொடங்கிய நேரத்துடன் வரம்பைக் கூட்டி, இப்போதைய நேரம் அதனைத் தாண்டியதா” என்று கேட்கும் நிரல் அந்த நாளில் தவறக்கூடும். “இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால் வரம்பைத் தாண்டுகின்றதா” என்று கேட்கும் நிரல், மாறிகள் குறியற்ற (மறை எண்களை ஏற்காத) 32 பிற்று வகையாக இருக்குமாயின், அன்றும் சரியாகவே இயங்கும்.

இன்னொரு பொறி இதைவிட மறைவானது. ஊனோவில் சாதாரண முழுவெண் 16 பிற்றுகளே. அதன் உச்சம் 32,767. ஒரு நிமிடத்தை 60 தடவை 1000 என்று எழுதினால், விடையான 60,000 அதற்குள் அடங்காமல் மறை 5,536 (-5,536) ஆக மாறிவிடும். அதனைக் குறியற்ற 32 பிற்று மாறியில் இட்டால் 4,294,961,760 மில்லிவிநாடியாகும். அதாவது ஒரு நிமிடமாக நீங்கள் கருதிய பாதுகாப்பு வரம்பு 49 நாட்களுக்கு நீண்டுவிடும். எண்ணின் இறுதியில் “யூஎல்” என்ற இரண்டு எழுத்துக்களைச் சேர்த்து, அது நீண்ட எண் என்பதை, நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றும் தொகுப்பிக்குத் தெரிவித்தால் இது நேராது. தொகுப்பி தரும் எச்சரிக்கைகளை வாசிக்கும் பழக்கமும் இங்கு கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: நிலைகளைத் தாளில் வரைதல்

நிரல் எழுத முன்னர் சாதனம் இருக்கக்கூடிய நிலைகளைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். நமக்கு மூன்று போதும்: ஓய்வு, ஓட்டம், முடக்கம். இரண்டு ஆளிகளும் “தேவை” என்று கூறினால் ஓய்விலிருந்து ஓட்டத்துக்குச் செல்க. மேல் ஆளி திறந்ததும் ஓய்வுக்குத் திரும்புக. இடைப்பட்ட மட்டத்தில் மோட்டர் அடிக்கடி தொடங்கி நிற்காமலிருக்கவே இரண்டு ஆளிகள்.

மூன்றாவது நிலைதான் நமது ஊருக்கு மிக முக்கியமானது. கோடையில் கிணற்றின் மட்டம் இறங்கி உறிஞ்சு குழாய் வெளியே தெரிந்தாலோ, அக்குழாயின் அடியிலுள்ள புட் வால்வு ஒழுகிக் குழாயில் காற்றுப் புகுந்தாலோ, மோட்டர் சுழலும், தண்ணீர் வராது, தாங்கி நிரம்பாது, மிதவையும் திறக்காது. நீரின்றிச் சுழலும் பம்பியின் அடைப்பு வளையம் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே தாங்கி கீழ்மட்டத்திலிருந்து நிரம்ப எடுக்கும் நேரத்தை ஒரு நாள் அளந்து, அதன் ஒன்றரை மடங்கை வரம்பாக வையுங்கள். நிமிடத்துக்கு 30 லீற்றர் தரும் பம்பி 1000 லீற்றரை ஏறக்குறைய 33 நிமிடத்தில் நிரப்பும். வரம்பு 50 நிமிடம். வரம்பு தாண்டினால் மோட்டரை நிறுத்தி, சிவப்பு விளக்கை எரித்து, ஒருவர் வந்து அழுத்து ஆளியை அழுத்தும் வரை முடக்கத்திலேயே இருக்க வேண்டும். தானாக மீண்டும் முயலும் வசதியைச் சேர்க்க வேண்டாம். வயரினுள் நீர் புகுந்து ஆளி மூடியது போலத் தோன்றினாலும், மிதவை சிக்கிக்கொண்டாலும் இந்த வரம்பே காப்பாற்றும். அளவுக்கு மீறி இறைத்தால் கரையோரக் கிணறுகளில் உவர்நீர் ஏறிவிடும் என்பதையும் இங்கே நினைவிற்கொள்வது தகும்.

ஆறாம் படி: ரிலேயும் 230 வோல்ற்றும்

5 வோல்ற்று ரிலேயின் சுருளுக்கு ஏறத்தாழ 70 மில்லிஅம்பியர் வேண்டும். முனை அதனைத் தராது. ரிலே பலகையிலுள்ள திரான்சிற்றர் அந்த மின்னோட்டத்தைச் சுமக்கின்றது. சுருளை நிறுத்தும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை அதன் அருகிலுள்ள இருவாயி (டயோட்) அடக்குகின்றது. பல ரிலே பலகைகள் தாழ்நிலையில் இயங்குபவை. அவற்றில், முனையை வெளியீடாக அறிவித்த பின்னர் உயர்நிலையை எழுதினால், இடைப்பட்ட கணத்தில் ரிலே ஒரு முறை துடிக்கும். முதலில் உயர்நிலையை எழுதிவிட்டுப் பின்னர் வெளியீடாக அறிவித்தால் அது நிகழாது. மின்சாரம் வந்து போகும் ஒவ்வொரு தடவையும் மோட்டர் துடிப்பதைத் தவிர்க்கும் வழி இது. இலங்கையில் 2022 இன் நாளாந்த மின்வெட்டுக்களை அனுபவித்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

ரிலேயில் 10 அம்பியர் என்று பொறிக்கப்பட்டிருப்பதை நம்பி மோட்டரை நேரடியாக இணைக்கக் கூடாது. மோட்டர் தொடங்கும் கணத்தில் அதன் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை இழுக்கும்; சிறிய ரிலேயின் தொடுகைகள் உருகி ஒட்டிக்கொண்டால் எந்த நிரலாலும் மோட்டரை நிறுத்த முடியாது. ரிலே, பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ஆளியான ஒரு கொன்டாக்டரை இயக்க வேண்டும். கொன்டாக்டரே மோட்டரை இயக்க வேண்டும். இந்தப் பகுதியை, ட்ரிப் ஸ்விட்ச், புவித்தொடுப்பு, கையால் நிறுத்தும் ஆளி ஆகியவற்றுடன், தகுதி பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரே செய்ய வேண்டும். 230 வோல்ற்றுடன் இணைக்கும் நாள் வரை, மோட்டரின் இடத்தில் ஒரு எல்ஈடியை வைத்து, வாளித் தண்ணீரில் மிதவைகளை இட்டு முழுச் சாதனத்தையும் சோதிக்கலாம். மாணவர்கள் அந்த அளவில் நிறுத்திக்கொண்டாலும் கற்க வேண்டியவற்றுட் பெரும்பகுதியைக் கற்றவர்களே.

ஏழாம் படி: கெடுத்துப் பார்த்தல்

சாதனம் மேசையில் ஒழுங்காக ஓடியதும் வேலை முடிந்ததாகக் கருதாமல், அதனைத் திட்டமிட்டுக் கெடுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டத்தின் நடுவே மேல் மிதவையின் வயரைக் கழற்றுங்கள். மோட்டருக்குரிய விளக்கு அணைய வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுங்கள். விளக்கு துடிக்கக் கூடாது. வரம்பைச் சோதனைக்காக ஒரு நிமிடமாக்கி, முடக்கம் வருகின்றதா, அழுத்து ஆளி அதனை நீக்குகின்றதா என்று பாருங்கள். முடக்கத்தில் இருக்கையில் மின்சாரம் போய் வந்தால் முடக்கம் நிலைக்க வேண்டும்; அதற்காக அந்நிலையை ஈப்ரொமில் எழுதி, செட்டப் பகுதியில் வாசிக்க வேண்டும். ஈப்ரொமின் ஒவ்வொரு இடமும் ஏறக்குறைய 1,00,000 எழுதல்களுக்கே உத்தரவாதமுடையது. விநாடிக்கு ஒரு தடவை எழுதினால் 28 மணித்தியாலத்தில் அந்த எல்லையை எட்டிவிடும். ஆகையால் நிலை மாறும்போது மட்டும் எழுதுங்கள்.

சில்லே உறைந்துபோனால்? அதற்காகவே ஏடிமெகா328பியில் வாட்ச்டோக் என்னும் தனிக் கடிகாரம் உள்ளது. நிரல் குறித்த கால இடைவெளிக்குள் அதனை மீளத் தொடக்காவிட்டால் அது சில்லை முதலிலிருந்து தொடங்கச் செய்யும். ஆகக் கூடிய இடைவெளி 8 விநாடி. லூப் பகுதியின் ஓரிடத்தில் மட்டும் அதனை மீளத் தொடக்குங்கள். பல இடங்களில் செய்தால் உறைந்த நிரலும் அதனை ஏமாற்றிவிடும்.

சோதனை முடிந்த பின்னர் பிரெட்போட்டை விட்டு, துளையிட்ட பலகையில் பற்றாசு பிடித்து, மழை புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் நிழலான இடத்தில் பொருத்த வேண்டும். வயர் நுழையும் துளைகளை இறுக்க மூடாவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும். கடற்கரையை அண்டிய ஊர்களில் உப்புக்காற்று செப்புத் தொடுகைகளைப் பச்சையாக்கிவிடுமாகையால், ஆண்டுக்கு ஒரு தடவையேனும் திறந்து பார்க்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் சுற்றுப்படத்தையும் வயர்களின் நிற ஒழுங்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்து எங்கே செல்வது

இவ்வளவையும் செய்து முடித்தவர், தராசுக்குள் இருப்பதைப் போன்ற அனலொக் அளவீட்டுக்குச் செல்லலாம். ஊனோவின் அனலொக் உள்ளீடு 5 வோல்ற்றை 1024 படிகளாகப் பிரிக்கின்றது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று. தராசின் பார உணரி முழுப் பாரத்திலும் தருவது 10 மில்லிவோல்ற்று அளவே என்றால், முழு அளவும் இரண்டு படிகளுக்குள் முடிந்துவிடும். எச்எக்ஸ்711 போன்ற 24 பிற்று மாற்றிச் சில்லு ஏன் தேவைப்படுகின்றது என்பதை இக்கணக்கே காட்டும். தோட்டத்துக்கு மண் ஈரப்பத உணரி வாங்குவோர், இரண்டு உலோகக் கம்பிகளுக்கிடையே மின்னோட்டத்தைச் செலுத்தும் வகையைத் தவிர்த்து, கொள்ளளவ (கப்பாசிற்றிவ்) வகையைத் தெரிவுசெய்வது நல்லது; முன்னையது நமது செம்மண்ணில் விரைவில் அரிக்கப்படுவதுடன், நீரின் உப்பளவுக்கேற்பவும் வேறு எண்ணைக் காட்டும்.

வைஃபை வேண்டுமெனில் ஈஎஸ்பி32 பலகைக்கு மாறலாம். அதன் முனைகள் 3.3 வோல்ற்றுக்கானவை, 5 வோல்ற்று உணரியின் வெளியீட்டை நேரடியாகக் கொடுத்தால் பழுதாகலாம். எச்சரிக்கைச் செய்தியைத் தொலைபேசிக்கு அனுப்புவதற்கு வலையமைப்பைப் பயன்படுத்துங்கள். மோட்டரை நிறுத்தும் முடிவை மட்டும் எப்போதும் பலகையிலேயே வைத்திருங்கள். கூடவே, நீங்கள் பயன்படுத்தும் சில்லின் தரவுத்தாளைப் பதிவிறக்கி, முனைகளின் மின்னியல் எல்லைகள் தரப்பட்டுள்ள அட்டவணையிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். 20, 40 மில்லிஅம்பியர் எல்லைகளை ஏற்கனவே அறிந்திருப்பதால், அந்த அட்டவணை உங்களுக்குப் புரியும்.